மேலைத்தேய இசைக்கலைஞருக்குக் கர்நாடக சங்கீதம் ஏன் ஆயுட்காலப் படிப்பாகிறது?

மார்கழிக் கச்சேரிகள் தொடங்கும் காலத்தில் கொழும்புத் தமிழர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைக் காணொளி தவறாமல் சுற்றும். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரோ சேலை உடுத்த ஐரோப்பியப் பெண்மணி ஒருவரோ தம்புராவோடு உட்கார்ந்து தியாகராஜர் கீர்த்தனை பாடுவார். அதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "எங்கட பிள்ளைகளே பாடுறதில்லை, இவரைப் பாருங்கோ" என்பது ஒன்று. "என்னதான் படிச்சாலும் அந்தச் சுருதி அவைக்கு வராது" என்பது மற்றது. 2024 பெப்ரவரியில், ஆங்கிலேயரான ஜோன் மக்லாக்லின் கிதார் வாசிக்கும் சக்தி குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தபோதும் இதே இரண்டு குரல்களும் கேட்டன.

முதல் குரலில் இருப்பது ஆச்சரியம், இரண்டாவதில் இருப்பது சந்தேகம். பாட்டைப் பற்றி இரண்டுமே ஒன்றும் சொல்லவில்லை. மேலைத்தேய இசையில் முழுப்பயிற்சி பெற்ற ஒருவர் கர்நாடக சங்கீதத்துக்குள் வரும்போது எது இலகு, எது கடினம், எது வருடக்கணக்கில் இழுக்கிறது? இதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், நாம் கடினம் என்று நினைக்கும் சில விடயங்கள் உண்மையில் அவ்வளவு கடினமில்லை என்பதும், உண்மையான முடிச்சு கொழும்பில் பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதே இடத்தில்தான் விழுகிறது என்பதும் தெரியவரும்.

முதலில்: எல்லோரும் ஒரே வேலையைச் செய்யவில்லை

"இந்திய இசை கற்ற மேல்நாட்டவர்" என்று ஒரே கூடையில் போடப்படுபவர்கள் மூன்று வகையினர்.

1. கடன் வாங்கியவர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியன் இதற்கு நல்ல உதாரணம். 13ஆம் நூற்றாண்டு இந்திய இசை நூலாசிரியர் சார்ங்கதேவர் தொகுத்த 120 தேசி தாளங்களின் பட்டியலை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கண்டு, அவற்றைத் தன் படைப்புகளில் கையாண்டார். எந்தக் குருவிடமும் உட்காரவில்லை. அது அவருக்குத் தேவையாகவும் இருக்கவில்லை.

2. சந்தித்தவர்கள். வயலின் மேதை யெகுடி மெனுகின் 1952இல் இந்தியா வந்து ரவிசங்கரைக் கேட்டார். பின்னர் இருவரும் சேர்ந்து வாசித்து இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். அவரவர் மரபில் நின்றபடி கைகோத்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்கத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே கிதாருக்குத் திரும்பியவர். இந்திய இசைமீது அவருக்கிருந்த பற்று கடைசிவரை போகவில்லை, ஆனால் வாத்தியக் கலைஞராக அவர் எடுத்த முடிவு நேர்மையானது என்றே சொல்லவேண்டும்.

3. உள்ளே போனவர்கள். குருவிடம் உட்கார்ந்து, அந்த மரபின் அளவுகோலாலேயே தன்னை அளக்க விட்டவர்கள். அமெரிக்கரான ஜோன் ஹிக்கின்ஸ் இந்த வகை. இந்தக் கட்டுரையின் மையம் இவர்தான்.

மக்லாக்லின் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவில் நிற்பவர். அவர் அமெரிக்காவில் கர்நாடக வித்துவான் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றவர். 1970களில் தன் கிதாரின் கழுத்தில், மெட்டுகள் எனப்படும் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே உள்ள மரத்தைக் குடைந்தெடுக்கச் செய்து, குறுக்கே ஒத்ததிர்வுத் தந்திகளையும் பூட்டினார். குடைவு எதற்கு? வீணையில் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதுபோல கிதாரிலும் போவதற்கு. சாதாரண கிதாரின் தட்டையான கழுத்து அதற்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. வாத்தியத்தையே வெட்டவேண்டி வந்தது என்பதிலேயே பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதற்கான துப்பு இருக்கிறது.

கொழும்புக்கு நெருங்கிய ஒரு பழைய பெயரும் உண்டு. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் இரண்டாவது மனைவி அலிஸ் ரிச்சர்ட்சன் ஆங்கிலேயப் பாடகி. கபூர்தலாவைச் சேர்ந்த அப்துல் ரஹீம் என்ற உஸ்தாதிடம் பாடல்களைக் கற்று, ரத்தன் தேவி என்ற பெயரில் சேலை உடுத்து, தம்புராவோடு லண்டனிலும் நியூயோர்க்கிலும் பாடினார். பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் முப்பதை அவர் தொகுத்த நூல் 1913இல் தாகூரின் முன்னுரையோடு வந்தது. ஆக, இன்று வட்ஸ்அப்பில் வரும் காட்சிக்கு நூறு வயதுக்கு மேல்.

எது உண்மையில் தடையில்லை

முதலில் சுருதிப் பிரச்சினை. "நம் இசையில் 22 சுருதி, அவர்களுக்கு 12தான்" என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். இதில் பாதி உண்மை.

ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையான தூரத்தை, 1200 சென்ட் என்ற அலகால் அளப்பார்கள். பியானோ இதை 12 சம பங்காக, ஒவ்வொன்றும் 100 சென்ட்டாக வெட்டுகிறது. தம்புராவின் நாதத்தோடு இயற்கையாக இணையும் பஞ்சமம் 702 சென்ட்டில் நிற்கும், பியானோவில் 700. வித்தியாசம் காதுக்குத் தெரியாத அளவு. ஆனால் அந்தர காந்தாரம் இயற்கையில் 386, பியானோவில் 400. பதினான்கு சென்ட் என்பது நல்ல காதுக்குத் தெரியும்.

சரி, இதனால் மேல்நாட்டுப் பாடகர் திணறுவாரா? தேவாலயச் சேர்ந்திசையில் பாடியவர்களும், நால்வர் தந்தி இசையில் வாசித்தவர்களும் பியானோ இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் கேட்டு இந்தத் திருத்தத்தை ஏற்கனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தம்புரா ஓடிக்கொண்டிருந்தால் காது தானாகவே அந்த இடத்தைத் தேடும். இது மாதக் கணக்கில் சரியாகும் விடயம்.

சட்ஜம் நகர்வது சிலருக்குக் கொஞ்சம் தொல்லை தரும். பியானோ பிள்ளைக்கு ஒரு கட்டை என்றால் எப்போதும் அந்த ஒலிதான். நம்மிடம் பாடகரின் குரலுக்கு எது வசதியோ அதுவே சட்ஜம். ஆண் குரல் ஒரு கட்டையில் பாடும் அதே சங்கராபரணத்தைப் பெண் குரல் ஐந்தரைக் கட்டையில் பாடும், சுரங்களின் பெயர் மாறாது. ஒலியைக் கேட்டவுடன் அதன் மேலைத்தேயப் பெயரைச் சொல்லிவிடக்கூடிய காது படைத்தவர்களுக்கு இது ஆரம்பத்தில் குழப்பும்.

மொழியும் அப்படித்தான். தியாகராஜரின் தெலுங்கும் தீட்சிதரின் சமஸ்கிருதமும் வெள்ளவத்தைப் பிள்ளைக்கும் பேச்சுமொழி இல்லை. நாமும் அட்சரம் பார்த்து, பொருள் கேட்டு, மனப்பாடம் செய்துதான் பாடுகிறோம். ட, ண, ள போன்ற ஒலிகள் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்தவை, அவர்கள் நாக்கை மடித்துப் பழகவேண்டும். இதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை.

சாமி பாட்டை வேற்று மதத்தவர் பாடலாமா என்ற கேள்வி இசைத் தொழில்நுட்பத்தைச் சேர்ந்ததல்ல. ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தையும் யேசுதாஸின் குரலையும் கேட்டு வளர்ந்தவர்கள் இதில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை.

முடிச்சு எங்கே விழுகிறது: கமகம்

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேலைத்தேயத்தின் மேஜர் அளவுகோலும் பட்டியலாக எழுதினால் ஒன்றுதான். பியானோவில் வெள்ளைக் கட்டைகளை C என்ற கட்டையிலிருந்து அழுத்திக்கொண்டே போனால் கிடைப்பது. முத்துசுவாமி தீட்சிதர் இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தியிருக்கிறார். ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. பிரித்தானியத் தேசிய கீதத்தின் மெட்டுக்கு அவர் போட்ட "சந்ததம் பாஹிமாம்" அவற்றில் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த நோட்டுஸ்வரங்கள் கேட்பதற்குச் சங்கராபரண ராகம்போல ஒலிப்பதில்லை. சுரங்கள் அதே, ராகம் எங்கே போனது?

இங்கே கமகம் என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். சுரத்தை அசைத்தல், இழுத்தல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லல், பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வருதல், இவை எல்லாம் கமகம். மேலைத்தேயக் குரலிசையிலும் அசைவு உண்டு: ஒபெராப் பாடகர் நீட்டும் ஒலியில் சீரான ஒரு நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கம் ஒரு சுரத்தைச் சுற்றி மிகக் குறுகிய வட்டத்தில், எந்தச் சுரமானாலும் எந்தப் பாட்டானாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடப்பது. அதை எடுத்துவிட்டாலும் பாட்டு அதே பாட்டுத்தான். கமகத்தை எடுத்துவிட்டால் ராகம் போய்விடும்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் அது சாதாரண காந்தாரம், பியானோவில் அதற்கென்று ஒரு கட்டை உண்டு. ஆனால் பாடும்போது குரல் அந்த இடத்தில் நிற்பதே அரிது. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்யமத்தின் பக்கம் போய், திரும்பி, மறுபடி போகும். அந்த அசைவு முழுவதையும் சேர்த்தே நாம் காந்தாரம் என்று கேட்கிறோம். மேலைத்தேயக் காது இங்கே மூன்று சுரங்களைக் கேட்கும், நம் காது ஒன்றைத்தான் கேட்கும். மேற்கத்திய மாணவர் முதலில் மாற்றவேண்டியது குரலை அல்ல, இந்தக் கேட்கும் முறையை.

இன்னும் சிக்கலான உதாரணம் ஆரபியும் தேவகாந்தாரியும். இரண்டுக்கும் ஆரோகணம் ச ரி ம ப த ச. அவரோகணம் ச நி த ப ம க ரி ச. எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஆரபி துடிப்பாக நடக்கும், அதில் காந்தாரமும் நிஷாதமும் தொட்டும் தொடாமலும் போய்விடும். தேவகாந்தாரி நிதானமாக ரிஷபத்திலும் தைவதத்திலும் இழைந்து நிற்கும். விதி எழுதி இதைக் கற்பிக்க முடியாது. பத்துப் பாட்டுக் கேட்டு, ஐந்து பாட்டுப் பாடம் பண்ணி, ஒருநாள் தப்பான பிடி (ராகத்துக்கு அடையாளமான சுரத்தொடர்) ஒன்றைப் பாடும்போது ஆசிரியர் "அது ஆரபி" என்று நிறுத்துவார். அப்படித்தான் அது வரும்.

இதனால் மேலைத்தேயப் பயிற்சி உள்ளவரின் முன்னேற்றம் விசித்திரமான வடிவம் எடுக்கிறது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம் வேகமாக ஓடும். சுரம் பிடிப்பதும் தாளத்தில் நிற்பதும் ஏற்கனவே கைவந்தவை. கீதமும் பெரிதாக மறிக்காது. அதற்குப் பிறகு வரும் வர்ணத்தில் வண்டி நின்றுவிடும். அதுவரை நேராக நின்ற சுரங்கள் அங்கே அசையத் தொடங்கும், அவ்வளவு நாளும் உதவிய பயிற்சியே காலைப் பிடித்து இழுக்கும். பலர் விட்டுப்போகும் இடம் இதுதான் என்பது என் ஊகம்.

தாளும் காதும்

மேலைத்தேயச் செவ்வியல் மரபில் தாளில் எழுதப்பட்டதுதான் பாட்டு. மாணவர் அதைப் பார்த்து வாசிப்பார், நினைவுக்கு வராவிட்டால் மறுபடி பார்ப்பார். நம் சுரதாளக் குறிப்பில் சுரமும் கால அளவும் இருக்கும், கமகம் இருக்காது. பஸ் தரிப்பிடங்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருப்பதுபோல அது: எங்கே நிற்கும் என்று தெரியும், வீதி எப்படி வளைகிறது என்று தெரியாது.

இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்ற கதை சுவையானது. 1890களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அச்சிட முனைந்தார். அதற்காக அவர் நாடியது தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதரை. அந்த ஊக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் சுப்பராம தீட்சிதரின் பெருநூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளோடு, 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். குறியீடு இருந்தும் வாதாட்டம் ஓயவில்லை என்பதிலிருந்தே தாளின் எல்லை விளங்கும்.

ஆகவே உள்ளே வர விரும்பும் மேலைத்தேயக் கலைஞர் தன்னிடமுள்ள மிகப் பெரிய பலத்தை, பார்த்தவுடன் வாசிக்கும் திறமையை, கொஞ்சக் காலம் ஒதுக்கி வைக்கவேண்டும். குரு ஒரு வரி பாடுவார். மாணவர் திருப்பிப் பாடுவார். சரியில்லை. மறுபடி. ஏன் சரியில்லை என்று குரு விளக்கமாட்டார், மறுபடி பாடிக் காட்டுவார். எழுதிப் படித்தே பழகிய, வயது வந்த, தன் துறையில் ஏற்கனவே தேர்ந்த ஒருவருக்கு இது மனதளவில் எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜோன் ஹிக்கின்ஸ்: ஒரு முழு உதாரணம்

ஹிக்கின்ஸ் 1939இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். கனெக்ரிக்கட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்தார். அவர் சென்னைக்கு வந்து ஞானம் பெற்ற கதையாக இது பொதுவாகச் சொல்லப்படும். உண்மையில் பாடம் தொடங்கியது அமெரிக்காவிலேயே. வெஸ்லியனில் உலக இசைக்கான பாடத்திட்டத்தை உருவாக்கிய ரொபர்ட் பிரவுண் தானே மிருதங்கம் கற்றவர், மிருதங்கம் பற்றி ஆய்வுப்பட்டம் பெற்றவர். அவர்தான் மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதனை 1963இல் அங்கே வரவழைத்தார். ரங்கநாதனின் அண்ணன் தம்பி உறவு, அக்கா உறவு எல்லாம் இசை உலகில் பெரிய பெயர்கள்: புல்லாங்குழல் டி. விசுவநாதன் சகோதரர், நாட்டியமேதை பாலசரஸ்வதி சகோதரி. மூவரும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள்.

பிறகு அமெரிக்க அரசின் புல்பிரைட் உதவித்தொகையில் ஹிக்கின்ஸ் சென்னை வந்து விசுவநாதனிடம் பாட்டுக் கற்றார். அதே 1960களிலேயே திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் பாடும் அளவுக்கு வந்துவிட்டார். இசைத்தட்டுகள் வந்தன, வானொலியில் கேட்டார்கள், "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்ற பெயரும் நிலைத்தது. 1973இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்தின் ஆய்வு பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியது.

எந்த வீட்டில் கற்றார் என்பது இங்கே முக்கியம். தனம்மாள் பரம்பரை வேகத்துக்குப் பேர்போனதல்ல. நாட்டியத்துக்கும் பாடப்படும் ஜாவளிகளையும் க்ஷேத்ரக்ஞரின் பதங்களையும் மிக நிதானமாக, ஒவ்வொரு பிடியையும் முழுதாகப் பாடும் வழி அது. வேகமான பாட்டில் கமகக் குறைபாட்டை ஓரளவு மறைத்துவிடலாம். பதத்தில் ஒளிய இடமில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதை முழுவதும் வெளியே தெரியும். அபிநயத்துக்குப் பாடும்போது அதே வரியைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு பாவத்தில் பாடவேண்டும். கமகம் வராத காதுக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் இருந்திருக்க முடியாது.

அவர் பாடிய வராளி ராகப் பதிவு, பாபநாசம் சிவனின் "கா வா வா", இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. வராளியைக் குரு நேரே கற்பித்தால் உறவு முறியும் என்று சங்கீதக்காரர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதை விடுங்கள். அந்த ராகத்தின் மத்யமம் பஞ்சமத்தை ஒட்டி நிற்கும், காந்தாரம் தாழ்ந்து நிற்கும். பியானோக் காது எளிதில் ஏமாறும் இடங்கள் இவை. ஹிக்கின்ஸ் அவற்றில் வழுக்காமல் பாடுகிறார். உடுப்பிக் கோயில் வாசலில் அவர் பாடியதாகச் சொல்லப்படும் கதையைப் பத்துப் பேர் பகிரும்போது, இந்த வராளியைக் கேட்கச் சொல்ல ஒருவர்கூட இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

1971இல் அவரும் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனும் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த நகரத்துக்குப் போவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மிருதங்கமும் வாய்ப்பாட்டும் பல்கலைக்கழகப் பாடமாகியிருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பின்னர் வெஸ்லியனுக்கே திரும்பிய ஹிக்கின்ஸ், 1984 டிசம்பரில் வாகனம் மோதி இறந்தார். வயது 45. கர்நாடக வாய்ப்பாட்டில் அது குரல் கனிந்து, மனோதர்மம் (மேடையிலேயே கற்பனையாக உருவாக்கிப் பாடுதல்) விரியத் தொடங்கும் வயது.

தாளமும் மனோதர்மமும்

தாளத்தில் மேலைத்தேயத்தவர் பொதுவாகச் சீக்கிரம் தேறுகிறார்கள். காரணம் எளிது: சொற்கட்டு, அதாவது தாளத்தைச் சொல்லும் அசைக்கோவை, முழுவதும் எண்ணிக்கையில் அடங்கும். தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, கூட்டிப் பெருக்கி ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் முடிக்கலாம். தாளில் எழுதினாலும் பெரும்பகுதி தப்பிப் பிழைக்கும். அதனால்தான் ஐரோப்பிய இசைக்கல்லூரிகளில் ராகத்தைவிடக் கொன்னக்கோல் (சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கலை) வேகமாகப் பரவியிருக்கிறது. அம்ஸ்ரடாம் இசைக்கல்லூரியில் தென்னிந்தியத் தாள முறையை மேலைத்தேய மாணவர்களுக்கென்றே கற்பிக்கிறார்கள். வெஸ்லியனில் ரங்கநாதனிடம் கற்ற டேவிட் நெல்சன் 2008இல் சொற்கட்டுக்கு ஒரு முழுப் பயிற்சிநூலே எழுதினார்.

மனோதர்மம் வேறு விடயம். ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றைப் பாடகர் மேடையிலேயே உருவாக்கவேண்டும். ஜாஸ் கலைஞர்களுக்கு உடனுக்குடன் உருவாக்குவது புதிதல்ல, ஆனால் ஜாஸில் பின்னணிச் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும், அந்த மாற்றம் அடுத்த யோசனையைத் தள்ளிக் கொடுக்கும். இங்கே தம்புரா மாறாது. இருபது நிமிடம் ஒரே சட்ஜத்தின்மேல் ஒரே ராகத்தை விரிக்கவேண்டும், சொன்னதையே சொல்லக்கூடாது, ராகத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. இதற்குத் தேவையான சரக்கு நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளிலிருந்துதான் வரும். ஒவ்வொரு கீர்த்தனையும் அந்த ராகத்தின் சில பிடிகளைப் பாடகருக்குள் சேமித்து வைக்கிறது. ஆயுட்காலம் பிடிக்கிறது என்பது இந்தச் சேமிப்புக் கணக்கைத்தான் குறிக்கிறது. சென்னையில் பிறந்த பிள்ளை வீட்டில், கோயிலில், கல்யாணத்து நாதஸ்வரத்தில் கேட்டுக் கேட்டு பதினைந்து வயதுக்குள் பாதியைச் சேர்த்துவிடும். வெஸ்லியன் இருக்கும் மிடில்டவுனில் பிறந்தவர் இருபது வயதில் வெறுங்கையோடு தொடங்குவார்.

கொழும்பில் இதைப் பார்க்கும்போது

கொழும்பு இந்தக் கேள்வியைப் பார்க்க நல்ல இடம். சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதம் கீழைத்தேயம், மேலைத்தேயம், கர்நாடகம் என்று மூன்று தனிப் பாடங்களாக இருக்கும் நாடு இது. கீழைத்தேயம் என்ற பெயரில் சிங்களப் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் ஹிந்துஸ்தானியை அடியொற்றியது. அமரதேவ போன்ற சிங்களக் கலைஞர்கள் லக்னோவின் பாத்கண்டே கல்லூரியில் படித்துத் திரும்பியவர்கள். 1952இல் அந்தக் கல்லூரியின் ரத்தன்ஜன்கரை ரேடியோ சிலோன் அழைத்துக் கலைஞர்களைத் தரம்பிரிக்கச் செய்தபோது, அந்த அளவுகோலுக்குத் தன்னை உட்படுத்தச் சிங்களப் பாடகர் சுனில் சாந்த மறுத்த சர்ச்சையும் இங்கேதான் நடந்தது. வெளியே பிறந்த மரபொன்றைக் கற்று அதன் அளவுகோலால் அளக்கப்படுவது என்ற அனுபவம் வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதல்ல.

தமிழ் வீடுகளுக்கு வருவோம். பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஒரே பிள்ளை சனிக்கிழமை றோயல் ஸ்கூல்ஸ் அல்லது ட்ரினிட்டி பரீட்சைக்குப் பியானோவும், ஞாயிற்றுக்கிழமை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வாய்ப்பாட்டும் படிப்பது சாதாரணம். இரண்டிலும் தரம் தரமாக ஏறவேண்டும், இரண்டிலும் செய்முறையும் அறிமுறையும் உண்டு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கொழும்பில் சங்கீதம் இவ்வளவு தூரம் தங்கியிருக்காது. அதே நேரம் அது பிள்ளையைப் பாடத்திட்டத்திலுள்ள உருப்படிகளோடு நிறுத்திவிடவும் செய்கிறது. தோடியில் ஒரு கீர்த்தனையைக் கொப்பியில் சுரத்தோடு எழுதி, பரீட்சைக்கு ஒப்புவித்துவிட்டு, வேறு ஒருவர் பாடிய தோடியை ஒருமுறைகூட முழுதாகக் கேட்காத பிள்ளை, ஹிக்கின்ஸ் வெஸ்லியனில் தொடங்கிய இடத்துக்கும் பின்னால்தான் நிற்கிறது. ஊர், இரத்தம், பெயர் எதுவும் கமகத்தைக் கொண்டுவந்து தராது. கேட்ட மணித்தியாலங்கள்தான் தரும்.

அந்தக் காணொளி அடுத்த முறை வரும்போது எதைக் கேட்கலாம்?

1. அசையவேண்டிய சுரம் அசைகிறதா, நிற்கவேண்டியது நிற்கிறதா? சட்ஜமும் பஞ்சமமும் அசைந்தால் குறை, தோடியின் காந்தாரம் அசையாவிட்டால் குறை.
2. மெதுவான பாட்டா, வேகமானதா? மெதுவாகப் பாடினால் துணிச்சல்காரர்.
3. கீர்த்தனையோடு முடிகிறதா, நிரவலோ சுரமோ பாடுகிறாரா? மனப்பாடம் எங்கே முடிகிறது என்பது அங்கேதான் தெரியும்.

வெள்ளைக்காரர் என்பதற்காக இரண்டு புள்ளி கூட்டிப் போடுவதும் ஒருவகை அவமதிப்புத்தான். ஹிக்கின்ஸைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் நிலையாக வைத்துக்கொண்டது அந்தக் கூட்டுப் புள்ளியால் அல்ல.

இணையவழி வகுப்பு எவ்வளவு தூரம் போகும்

இன்று ஐரோப்பாவிலுள்ள மாணவரும் கொழும்பிலுள்ள பிள்ளையும் சென்னை ஆசிரியரிடம் திரைவழியே கற்கிறார்கள். கமகத்துக்கு இது பழுதில்லாத வழி: ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுத் திருப்பிப் பாடுவதற்கு ஒரு நொடித் தாமதம் தடையில்லை. பாடத்தைப் பதிவுசெய்து நூறு தடவை கேட்கவும் முடியும். ஹிக்கின்ஸ் காலத்தில் அதற்குப் பெரிய நாடாப் பெட்டி தூக்கித் திரியவேண்டும்.

தடுமாறுவது சேர்ந்து பாடுவதில். ஒலி போய்த் திரும்பும் தாமதத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பாட முடியாது, ஒரே தாளம் போட முடியாது. ஒரே தம்புராவுக்குள் இருவரும் உட்காரவும் முடியாது, ஆளுக்கொரு சுருதிப் பெட்டி ஓடும். ஆசிரியரின் குரலை ஒட்டிக்கொண்டு மாணவரின் குரல் தானாகத் திருந்தும் அந்தப் பழைய வழி அடைபடுகிறது. அதனால் பல ஆசிரியர்கள் தாளத்தை மாணவர் பக்கமே விட்டுவிட்டு, முழுப் பல்லவியையும் பாடவைத்துக் கேட்ட பிறகுதான் நிறுத்தித் திருத்துகிறார்கள். நிரவலுக்கும் சுரத்துக்கும், வருடத்தில் சில வாரமாவது நேரில் வரச் சொல்கிறார்கள்.